மருமகன் வாங்கிய யூட்

அடிபட்ட வாகனத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதை எது அடித்தது என்று ஆனந்தராஜா சொல்லிவிடுவார். மரத்தில் மோதினால் தகடு ஒரு விதமாக நெளியும், மாட்டில் மோதினால் வேறு விதமாக நெளியும். முப்பத்திரண்டு வருடம் டன்டினோங்கில் ஒரு பட்டறையில் ரிங்கரிங் வேலை செய்தவர். நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, நிறமடித்து, அடிபட்ட இடம் சொந்தக்காரனுக்கே தெரியாதபடி செய்துகொடுப்பார். ஓய்வெடுத்து நாலு வருடமாகியும் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் அவருடைய சுத்தியல்கள் பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாகத் தொங்கின.

குடும்ப விஷயத்திலும் அவருக்கு அதே கைதான். கோயில் சபையில் பதினைந்து வருடம் இருந்தவர். யார் வீட்டிலாவது புருசன் பெண்சாதி பிணக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போய், இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி, கதைத்து, விஷயம் வாசற்படி தாண்டாமல் முடித்துவைப்பார். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறியவரும் இல்லை, கட்டியவரை விட்டுப் பிரிந்தவரும் இல்லை. இதை அவர் நாலு பேர் நடுவில் சொல்வார். சொல்லும்போது முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

ஒரே மகள் மிருணாளினியின் புருசன் அருந்தவன் வேட்டைக்காரன். துவக்குக்கு லைசென்ஸ், மரைமான் சுட லைசென்ஸ், தூரக் கண்ணாடி பூட்டிய துவக்கு, எல்லாம் முறையாக வைத்திருந்தான். வாரத்தில் ஐந்து நாள் குளிர்க் களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை. வேலைக்கும் காட்டுக்கும் ஒன்றாகப் பயன்பட, பின்னால் திறந்த தட்டு உள்ள சின்ன யூட் ஒன்றைப் பழசாக வாங்கப்போவதாகவும், மாமா வந்து பார்க்காமல் காசு கொடுக்கப்போவதில்லை என்றும் சொன்னான். அந்தப் பேச்சு ஆனந்தராஜாவுக்குப் பிடித்தது.

யூட் வாங்குவதற்காக மிருணாளினியின் சின்னக் காரை விற்பது என்று ஆயிற்று. தன்னுடைய காரை ஏன் விற்கவேண்டும் என்று அவள் தகப்பனிடம் வந்து கேட்டாள். ஒரு வீட்டுக்கு இரண்டு வாகனம் எதற்கு, அவர் உன்னை உன் ஆஸ்பத்திரி வேலைக்கு இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார்தானே என்று ஆனந்தராஜா சொன்னார். அவள் மறுத்துப் பேசவில்லை. அவள் மறுத்துப் பேசி அவர் கண்டதுமில்லை.

பாக்கன்ஹமுக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணையில் யூட் நின்றது. விற்கிறவன் காது மந்தமான வெள்ளைக்காரக் கிழவன். தட்டு முழுக்கக் கழுவியும் போகாத கறை, மூலைகளில் காய்ந்த மயிர். பதினொரு மரை ஏற்றியிருக்கிறேன் என்று பெருமையோடு சொன்னான். ஆனந்தராஜா சட்டைப் பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்துத் தகடு தகடாக ஒட்டிப் பார்த்தார். இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே காந்தம் பிடிக்கவில்லை. உள்ளே பட்டி. விரல் நகத்தை ஓட்டிவிட்டு, கங்காரு, வேகம் எண்பது, சரியோ என்று கேட்டார். கிழவன் வாயைப் பிளந்தான். விலை இறங்கியது. அடிச்சட்டம் நேராக இருந்தது. முன்கண்ணாடி, விற்பனைச் சான்றிதழுக்காகப் போன கிழமைதான் மாற்றிய புதுக் கண்ணாடி, ஒரு கீறலில்லை.

"மாமாவை ஏய்க்க ஒருத்தனாலயும் ஏலாது," என்று அருந்தவன் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த மாதமே அவரையும் காட்டுக்குக் கூட்டிப்போனான். டார்கோ பக்கத்து மலைக்காட்டில் திரியும் மரை, நூற்றைம்பது வருடத்துக்கு முன் வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்ட இனம். இலங்கையில், முத்தையன்கட்டுக் காட்டோரம் வளர்ந்த ஆனந்தராஜாவுக்கு அதன் காலடியும் தெரியும், கூப்பாடும் தெரியும். காலை எட்டு மணிக்குப் பள்ளத்தில் ஒரு பெண் மரை தெரிந்தது. அருந்தவன் அவசரப்பட்டான். வெடி வயிற்றில் பட்டது.

அது விழுந்து, எழும்பி, பின்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனது. குடல் பற்றையில் சிக்கி நீண்டது. அது போட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. இன்னொரு வெடி வையும் என்று ஆனந்தராஜா சொன்னார். அருந்தவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கி, யூட்டின் பின்தட்டில் ஏறியிருந்து, தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தான்.

"விடுங்கோ மாமா. அது எங்கை போகப்போகுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அந்த மிருகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை ஆனந்தராஜா பார்த்தார். பசிக்காக வேட்டையாடுகிறவனும், பழக்கத்துக்காக வேட்டையாடுகிறவனும் அப்படிப் பார்ப்பதில்லை. அறுபத்தைந்து வயதில் அவரே கத்தியை எடுத்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கினார். மரை கடைசி உதையில் அவர் முன்கையைக் கிழித்தது. அதன் தலையை முழங்காலால் அமத்தி, கழுத்தை அறுத்து முடித்தபோது அவருடைய இரத்தமும் அதனுடைய இரத்தமும் ஒன்றாக ஓடையில் போனது. மேலே வந்தும் அவனை ஏசவில்லை. மருமகன். கை நீட்டித் தாரைவார்த்துக் கொடுத்தவர் அவர். மருமகனைக் காட்டில் வைத்து ஏசுவது தன் தெரிவைத் தானே ஏசுவது போல.

இறைச்சியைப் பங்கு பிரித்தார்கள். வழக்கப்படி துவக்குக்கு ஒரு பங்கு, வாகனத்துக்கு ஒரு பங்கு, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. துவக்குப் பங்கும் வாகனப் பங்கும் அருந்தவனுக்குப் போக, ஆனந்தராஜா தன் பங்கை எட்டு வீட்டுக்குக் கொடுத்தார். மருமகன் சுட்டது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். வயிற்றில் பட்ட வெடியைப் பற்றி எந்த வீட்டிலும் சொல்லவில்லை.

கோயில் தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது அருந்தவன் யூட்டைக் கொட்டில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முன்கண்ணாடியில், சாரதிக்குப் பக்கத்து ஆள் இருக்கும் பக்கமாக, சிலந்திவலை போல ஒரு வெடிப்பு. கல்லு ரோட்டில் முன்னால் போன லொறி கல்லடித்துவிட்டது என்றான்.

ஆனந்தராஜா வெளிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினார். கல் பட்டால் ஒரு குழி கொத்தியிருக்கும். குழி இல்லை. கண்ணாடி வெளிநோக்கி மெல்லப் புடைத்திருந்தது. ஏறி உள்ளே இருந்து தடவினார். விரலில் பொடி ஒட்டியது. வலையின் நடுவில், வெடிப்புக்குள் மாட்டிக்கொண்டு, ஒரு முழ நீளத் தலைமயிர் ஒன்று தொங்கியது.

அவர் அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நிமிர்ந்தபோது மருமகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆனந்தராஜா நினைத்தது மகளின் நெற்றியை அல்ல. இதை அவர் பிறகு தன்னிடமே ஒளிக்கவில்லை. அவர் நினைத்தது தேரன்று கோயில் வளவில் இந்த யூட் நிற்கப்போவதை. ஆயிரம் பேர் கடந்து போவார்கள். தன்னைப்போல நாலு பேருக்காவது கண்ணாடி வாசிக்கத் தெரியும்.

"பின்னேரத்துக்குள்ள மாத்தித் தாறன்," என்றார். பிறகு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "இனிமேல் கல்லு ரோட்டில மெல்லப் போம்."

"ஓம் மாமா," என்றான் அருந்தவன்.

கன்னத்தில் அறைந்த மாதிரிச் சொல்லிவிட்டேன் என்று ஆனந்தராஜா நம்பினார். அவர் தலைமுறையில் ஒரு மாமன் அப்படிச் சொன்னால் மருமகன் ஒருவன் வெட்கத்தில் செத்துவிடுவான். அருந்தவன் குசினிக்குள் போய் மாமியிடம் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

புதுக் கண்ணாடி பூட்டியாயிற்று. பழையதைக் குப்பை வண்டி எடுக்காது. மெழுகு போல நடுவில் ஒரு படலம் இருப்பதால் அது நொறுங்கவும் இல்லை, வலையும் மயிருமாக முழுசாகக் கழன்று வந்தது. கொட்டிலின் பின்சுவரில் சாத்தி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

தேரன்று மிருணாளினி தலைமயிரை நெற்றிக்கு இழுத்துவிட்டு, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு வைத்து வந்தாள். யூட்டிலிருந்து இறங்கி, புதுக் கண்ணாடியைப் பார்த்து, பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"மாத்திப்போட்டியள்," என்றாள்.

"ஓம் பிள்ளை."

"ஒருத்தருக்கும் தெரியாது. வடிவாச் செய்திருக்கிறியள்."

அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. ரோவிலில் அவர்கள் வீட்டுக்கு இவர் போனால் அருந்தவன்தான் கதவைத் திறந்தான்.

பதினொரு கிழமை போனது. ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு யூட் மறுபடி கொட்டில் வாசலில் நின்றது. அருந்தவன் காட்டுக்குப் போகிற உடுப்பில் இருந்தான். இருக்கைக்குப் பின்னால் துவக்கின் உறை தெரிந்தது.

"சின்ன நெளிவு மாமா. கங்காரு குறுக்க பாஞ்சிட்டுது. வேட்டைக்குப் போறதுக்கு முன்னம் எடுத்துவிடலாமோ எண்டு..."

எஞ்சினை மூடும் பொனற்றின் முன்விளிம்பில், இடுப்பளவு உயரத்தில், சட்டி கவிழ்த்தது போல ஆழமில்லாத ஒரு நெளிவு. நிறம் உரியவில்லை. கங்காரு என்றால் மயிர் இருக்கும், எண்ணெய்ப் பசை இருக்கும், கீழே பிளாஸ்டிக் உடைந்திருக்கும். ஆனந்தராஜா குனிந்தார். முன்வலையின் ஒரு கம்பியில் கத்தரிப்பூ நிறக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. அந்த நிறத்தை அவருக்குத் தெரியும். போன குளிருக்கு அவர் மனைவி சந்திரவதனா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து மூன்று கிழமையாக மகளுக்குப் பின்னிய மேற்சட்டை.

"பிள்ளை எங்கை?" என்றார்.

"படுத்திருக்கிறாள். காலில கொஞ்சம் நோவாம்." அருந்தவன் அவர் தோளில் கை வைத்தான். "நீங்கள் செய்தால் ஒருத்தருக்கும் தெரியாது மாமா. அதுதானே உங்களிட்டக் கொண்டு வந்தனான்."

தோளில் இருந்த கையின் பாரத்தை ஆனந்தராஜா உணர்ந்தார். வாடிக்கைக்காரன் வேலைகாரனின் தோளில் வைக்கிற கை. மாமி தேத்தண்ணி போட்டிருக்கிறா, போய்க் குடியும் என்று அவனை வீட்டுக்குள் அனுப்பினார். கொட்டிலுக்குள் நின்று மகளுக்கு ஃபோன் எடுத்தார். எட்டாவது மணியில் எடுத்தாள். கால் தூக்க ஏலாது என்றாள். கேற்றைத் திறக்க ஓடினபோது அவன் பின்னாலிருந்து யூட்டைக் கொண்டுவந்து இடித்ததாகச் சொன்னாள். அழவில்லை. வேறொருத்திக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"ஏன் பிள்ளை எனக்கு முதலே சொல்லேல்லை?"

"கண்ணாடியில சொன்னனான்தானே, அப்பா."

ஆனந்தராஜா பின்சுவர்த் தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தார்.

"உந்த நெளிவையும் நிமிர்த்தப் போறியளோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றார். அசையாமல் படுத்திரு என்று சொல்லி வைத்துவிட்டு, அவசர இலக்கமான மூன்று பூச்சியத்துக்கு அடித்தார். மகளின் விலாசத்தைச் சொல்லி அம்புலன்ஸ் கேட்டார். தன் விலாசத்தைச் சொல்லிப் பொலிஸ் கேட்டார். துவக்கு இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு யூட்டின் திறப்புச் சாவியைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அருந்தவன் வாய் துடைத்தபடி வந்தபோது கிழவர் நெளிவுக்கு முன்னால் நின்றார். கையில் சுத்தியல் இல்லை.

"இதை நான் எடுக்க மாட்டன்."

"ஏன் மாமா?"

"இது என்ர பிள்ளையின்ர இடுப்பு."

அருந்தவன் வெளியே ஒருதரம் பார்த்துவிட்டு, சிரித்தான். "கண்ணாடியை ஆர் மாத்தினது? நீங்கள். அப்ப எங்கை போச்சுது உங்கட பிள்ளை? இப்ப பொலிசுக்குச் சொல்லுங்கோவன். கோயில் சபைப் பெரியவரின்ர மகளை மருமகன் வாகனத்தால அடிச்சவன். நாளைக்குக் கோயில் வாசலில என்னெண்டு நிப்பியள்?" யூட்டில் திறப்பு இல்லாததைக் கண்டு, அதற்குக் கை நீட்டினான். "தாங்கோ. நீங்கள் சொல்ல மாட்டியள். அவளும் எங்கை போகப்போறாள்?"

பள்ளத்தில் குடலை இழுத்துக்கொண்டு போன மிருகம் ஆனந்தராஜாவின் கண்ணுக்குள் வந்தது.

"பொலிஸ் வருகுது," என்றார். "நான்தான் கூப்பிட்டனான். நீ நிண்டு போ."

ஆறு வருடத்தில் அவர் மருமகனை 'நீ' என்றது அதுதான் முதல் தரம்.

குத்து வாயில் விழுந்தது. ஆனந்தராஜா பின்னால் போய்ப் பொனற்றில் மோதி, வழுக்கிக் கீழே இருந்தார். வாய்க்குள் கல் போல எதுவோ உருண்டது; துப்பினார், இரண்டு பல். அருந்தவன் விலாவில் உதைத்தான். கையை விலக்கிப் பையைக் கிழித்துத் திறப்பைத் தேடினான், கிடைக்கவில்லை. கிழவர் அதன்மேல் சுருண்டு கிடந்தார். இன்னொரு உதை. ஏதோ முறிந்த சத்தம் ஆனந்தராஜாவுக்கே கேட்டது. பிறகு காலடி விலகியது. யூட்டின் கதவு திறபட்டது.

இருக்கைக்குப் பின்னால் கை போட்டு உறையின் பூட்டை இழுக்கும் சத்தம் வந்தது. ஆனந்தராஜா முழங்காலில் எழும்பினார். சக்கரத்தைப் பிடித்து நின்றார். அருந்தவனின் வலக்கை தோள்வரை உள்ளே இருந்தது, உடம்பு வெளியே. முப்பத்திரண்டு வருடம் கதவுகளைப் பூட்டிச் சரிபார்த்த மனிதருக்கு ஒரு கதவு எந்த இடத்தில் பாரமாக விழும் என்று தெரியும். தன் முழுப் பாரத்தையும் கொடுத்துக் கதவைத் தள்ளினார். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. அருந்தவன் போட்ட கூப்பாடு மரையினது போலவே இருந்தது. ஒருதரம் போதும். கை தொங்கிவிட்டது, துவக்கு உறைக்குள்ளேயே இருந்தது. ஆனந்தராஜா கதவைத் திறந்து இரண்டாம் தரமும் தள்ளினார்.

சந்திரவதனா ஓடிவந்தபோது மருமகன் நிலத்தில் புரண்டுகொண்டிருந்தான். புருசன் யூட்டின் முன்னால் நிறவாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார், சட்டை முழுக்க இரத்தம். அவள் ஈரத் துணியைக் கொண்டுவந்தாள்.

"துடைக்காதை," என்றார். "படம் எடுக்கட்டும். இதையும் எடுக்கட்டும்." பின்கையால் நெளிவைத் தொட்டுக் காட்டினார். கம்பளி நூலைக் கண்டதும் அவள் தரையில் இருந்துவிட்டாள்.

கூப்பாடு கேட்டு இரண்டு வீடு தள்ளி இருந்த நாகராஜன் வந்தார். கோயில் சபைச் செயலாளர். எத்தனையோ வீட்டுப் பிணக்குகளுக்கு ஆனந்தராஜாவோடு கூடப் போனவர். ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, பொலிசு வர முன்னம் ஒருக்காக் கதைப்பம். உள்ளுக்கை முடிச்சுவிடுவம். நாளைக்கு ஊர் சிரிக்கும்."

இதே சொற்களை, இதே தாழ்ந்த குரலில், எத்தனை வாசலில் நின்று தான் சொல்லியிருக்கிறேன் என்று ஆனந்தராஜாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. எந்தெந்த வீடு, எந்தெந்தப் பெண் கதிரையில் தலை குனிந்து இருந்தாள் என்பதுகூட.

"உள்ளுக்கை முடிச்சுத்தான் இஞ்சை வந்து நிக்குது," என்றார். பல் இல்லாத வாயில் சொல் குழறியது. மறுபடி, தெளிவாகச் சொன்னார். "சிரிக்கட்டும். அந்தத் தார்ப்பாயை இழும், நாகராஜன்."

பொலிஸ் வாகனம் இரண்டு வந்தது. துவக்கை எடுத்தார்கள், அருந்தவனை அம்புலன்ஸில் ஏற்றினார்கள், கூடவே பொலிஸ்காரன் ஒருவன் ஏறினான். இளம் பொலிஸ்காரி ஒருத்தி ஆனந்தராஜாவிடம் கேட்டாள். கையை முறித்தது யார் என்று கேட்டாள். நான் என்றார். எத்தனை தரம் கதவைத் தள்ளினீர்கள்? இரண்டு தரம். முதல் தரம் துவக்கை எடுக்காமல் இருக்க. இரண்டாம் தரம்? என் மகளுக்காக என்றார். யோசித்துச் சொல்லுங்கள், இது எழுதப்படும் என்றாள். எழுது என்றார்.

பிறகு அவளைப் பின்சுவருக்குக் கூட்டிப்போனார். ஒரு கை விலாவைப் பிடித்திருந்தது, முதுகு மட்டும் வளையவில்லை. பழைய முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தடவச் சொன்னார். உறை போட்ட விரலால் தடவினாள். குழி இல்லை. உட்பக்கத்தைத் தடவச் சொன்னார். அவள் கை வலையின் நடுவில் போய் நின்றது. கறுத்த மயிர் அப்படியே தொங்கியது.

இது எப்போது நடந்தது என்று கேட்டாள். அவர் தேதி சொன்னார். இதைக் கழற்றிப் புதுக் கண்ணாடி பூட்டியவர் யார்?

நாகராஜன் வேறு பக்கம் பார்த்தார்.

"நான்," என்றார் ஆனந்தராஜா. "ஆரும் காணக்கூடாது எண்டு பூட்டினனான். அதையும் எழுது."

பின்னேரம் வாகனம் ஏற்றும் லொறி வந்து யூட்டைத் தூக்கியது. முன்பக்கம் தெருவைப் பார்க்க ஏற்றினார்கள், வெயிலில் நெளிவு தெளிவாகத் தெரிந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். அதில் பாதிப் பேர் மரை இறைச்சி வாங்கியவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சந்திரவதனா காரை எடுத்துவிட்டுக் கூப்பிட்டாள். மிருணாளினிக்கு இடுப்பெலும்பில் வெடிப்பு, உயிருக்குப் பயமில்லை, தகப்பனைக் கேட்கிறாள் என்று தகவல் வந்திருந்தது. ஆனந்தராஜா கேற்றடியில் நின்று, லொறி திருப்பத்தில் மறையும்வரை ஒவ்வொரு வாசலையும் நேராகப் பார்த்தார். பிறகு இரத்தச் சட்டையோடேயே போய்க் காரில் ஏறினார்.